சம்பந்தியம்மாள் கொண்டுவந்த கேக்

1856 மே 4, ஞாயிறு

கரோலின் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை அம்ப்ரோஸ் ப்ரூயிட். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கென்டக்கி. புகையிலைத் தோட்டம், அதில் வேலை செய்ய அடிமைகள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓஹாயோவில் நாங்கள். ஒரு மாவு மில், ஒரு பசு, ஒரு கொள்கை. கொள்கை அப்பாவுடையது, கஷ்டம் எங்களுடையது. அடிமைகள் விளைவித்த கரும்புச் சர்க்கரை எங்கள் வாசற்படி ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேப்பிள் மரத்துச் சர்க்கரைதான்.

இன்று விருந்துக்கு வந்த மாப்பிள்ளையின் அம்மா கேக்கில் கத்தியை வைத்தார். கத்தி நின்றது.

"இது கேக்கா, மில்லுல இருந்து உதிர்ந்த கல்லா?"

"கல்லு இன்னும் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும் அத்தை" என்றேன். மேசைக்கு அடியில் அம்மா கிள்ளினாள்.

"கல்யாண கேக் என் பொறுப்பு. வெள்ளைச் சர்க்கரை நானே கொண்டுவரேன். செய்யறதுக்கு என் டெம்பியையும் கூட்டிட்டு வரேன்" என்றார் சம்பந்தியம்மாள். டெம்பி அவர்கள் வீட்டு அடிமை, சமையல்காரி.

"அந்தச் சர்க்கரை என் வீட்டுக்குள்ள வராது" என்றார் அப்பா.

கடைசியில் அம்மா தீர்ப்புச் சொன்னாள்: கேக் வீட்டுக்குள் வராது, கொல்லையில் ஆப்பிள் மரத்தடியில் இருக்கும். நாட்டிலும் இப்படித்தானே முப்பது வருஷமாகச் சமரசம் செய்கிறார்கள்? ஒரு கோடு கிழிப்பது, இந்தப் பக்கம் கூடாது, அந்தப் பக்கம் பரவாயில்லை. அம்மாவை வாஷிங்டனுக்கு அனுப்பலாம்.

மே 5

அக்கா நாள் முழுக்கப் பாடுகிறாள். தாங்கவில்லை.

மே 27, செவ்வாய்

வாஷிங்டனில் தெற்கத்தி உறுப்பினர் ஒருவர், அடிமைமுறையைக் கண்டித்துப் பேசிய வடக்கத்தி செனட்டரை, சபையில் அவர் இருக்கையிலேயே வைத்து, தடியால் அடித்து நொறுக்கிவிட்டாராம். தடியே உடைந்ததாம். கான்சாஸில் அடிமைமுறை வேண்டும், வேண்டாம் என்று ஊரையே கொளுத்துகிறார்கள்.

இந்தச் செய்தி வந்த நாளில்தானா மாப்பிள்ளை புதுக் கைத்தடியோடு வர வேண்டும்? அப்பா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டு நன்மைக்காகத் தடியை மாவுத் தொட்டியில் ஒளித்துவைத்தேன். போகும்போது அதைத் தோண்டி எடுத்த மாப்பிள்ளையும் வெள்ளை, தடியும் வெள்ளை. சிரித்தார். நல்ல மனுஷர்தான். அதுதான் சங்கடம்.

ஜூன் 10, செவ்வாய்

சம்பந்தியம்மாள் வந்து இறங்கிவிட்டார். டெம்பியோடு அவள் மகள் லெட்டியும். எட்டு வயது.

"குட்டியும் வந்தாத்தான் ஆச்சுன்னு ஒரே அடம். அத்தனை முட்டையும் ஒத்தைக் கையால அடிக்க முடியாதாம்" என்று சலித்துக்கொண்டார். பிறகு அக்காவின் கன்னத்தைத் தட்டினார். "இவதான் உனக்குக் கல்யாணப் பரிசு. உன் புது வீட்டுக்கு வந்துடுவா."

லெட்டியைத்தான் சொன்னார். அக்கா "நன்றி அத்தை" என்றாள். டெம்பி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடி சலித்தது.

மாலையில் மரத்தடிக்குப் போனேன். லெட்டி மூன்று முட்டை அடித்துவிட்டுத் தூங்கிப் போயிருந்தாள். மீதி அத்தனையும் டெம்பியே அடித்தாள்.

"எல்லாம் நீங்களே செய்யறீங்க. அப்புறம் இவ எதுக்கு?"

டெம்பி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ரொக்ஸிம்மா, நீதிபதி ஐயா ஒருத்தர் இருக்காராமே, கல்யாணத்துக்கு வருவாரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! ஓடிவந்த அடிமையைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது நாட்டின் சட்டம். ஆனால் எஜமானியே கையோடு ஓஹாயோவுக்குக் கூட்டிவந்தால், அந்த நிமிஷமே அடிமை இல்லை, அது இந்த மண்ணின் சட்டம். சம்பந்தியம்மாளுக்கு இது தெரியாதா? தெரிந்திருக்கும். குடையை எடுத்துவருவது போல எடுத்துவந்துவிட்டார். குடை தானாக நடந்து போகும் என்று யார் நினைப்பார்கள்?

"நான் ஓடிவந்தேன்னு அவங்க சொல்லிட்டா போச்சு" என்றாள் டெம்பி. "கூட்டிட்டு வந்தேன்னு அவங்க வாயாலயே வரணும். நாலு பேர் முன்னாடி."

"அவங்களுக்குப் பெருமை பேசச் சொல்லியா கொடுக்கணும்?" என்றேன். பிறகுதான் கல்யாணம் நினைவுக்கு வந்தது. "அப்ப எங்க அக்கா?"

"மோதிரம் போட்டு முடியட்டும். கேக் வெட்டின அப்புறம் கேளுங்க. உங்க அக்கா கேக் நல்லாவே வரும்."

ஜூன் 11

செய்தால் அக்கா என்னோடு பேசமாட்டாள். செய்யாவிட்டால் லெட்டி அக்காவின் வீட்டில், டெம்பி வேறு வீட்டில். என்னடி செய்வே ரொக்ஸி? வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கே.

ஜூன் 12, வியாழன்

கல்யாணம் முடிந்தது. அக்கா அழகாக இருந்தாள்.

கேக் பனிக்குன்று மாதிரி நின்றது. ஊரே வாயைப் பிளந்தது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு சம்பந்தியம்மாளிடம் போனேன். பக்கத்தில் நீதிபதி ஸ்டிக்னி. அவருக்கு ஒரு காது மந்தம்.

"ஓஹாயோக்காரங்க கைவண்ணம் அருமை, இல்லையா அத்தை?"

"ஓஹாயோவா? நான் என் டெம்பியைக் கூட்டிட்டு வந்தேன்!"

"நீதிபதி ஐயாவுக்குக் காதுல விழலை அத்தை."

"என் டெம்பி! நானே கூட்டிட்டு வந்தேன்!"

"படகுல தானா வந்தவங்கன்னு சொன்னாங்களே..."

"யார் சொன்னது? என் பக்கத்துல உக்கார வெச்சு, அவளையும் குட்டியையும் நானே ஆத்தைத் தாண்டிக் கூட்டிட்டு வந்தேன்!"

பிடில்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். நீதிபதி கேக்கை மென்றபடி, "ரொம்பத் தெளிவாக் கேட்டுச்சும்மா" என்றார். அப்பா ஆப்பிள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. டெம்பி சமையலுக்குக் கட்டியிருந்த மேல்துணியை அவிழ்த்தாள், மடித்து மேசையில் வைத்தாள், லெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வழியாக நடந்து போனாள்.

ஜூன் 13

ஓடிவிட்டாள் என்று சம்பந்தியம்மாள் வழக்குக் கொண்டுபோனார். நேற்று கேக் தின்ற அத்தனை பேரும் சாட்சி. "அப்ப நேத்து நீங்க சொன்னது பொய்யா அம்மா?" என்று கேட்டார் நீதிபதி. பொய் என்று சொல்ல அவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. டெம்பிக்கும் லெட்டிக்கும் விடுதலை.

ப்ரூயிட் வீட்டு ஆள் எவரும் இனி ஓஹாயோ மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று படகில் ஏறும்போது சம்பந்தியம்மாள் கத்தினார். அக்காவும் இப்போது ப்ரூயிட் வீட்டு ஆள். "எல்லாம் உனக்கு விளையாட்டுத்தான், இல்லடி?" என்றாள். என் பதில் வருவதற்குள் படகு நகர்ந்துவிட்டது.

1857 மார்ச் 12

கறுப்பர்கள் இந்த நாட்டுக் குடிமக்களே அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். டெம்பி எங்கள் ஊரிலேயே ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். இன்றும் வழக்கம்போலத் திறந்தாள். நீதிபதி ஸ்டிக்னி வரிசையில் நின்று வாங்கினார்.

1859 டிசம்பர் 3

வர்ஜீனியாவில் அடிமைகளை விடுவிக்கத் துப்பாக்கி எடுத்த கிழவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். இங்கே சர்ச் மணி அடித்தது. அந்தப் பக்கம் பட்டாசு.

1861 ஏப்ரல் 27, சனி

வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை தொடங்கிவிட்டது. இன்று படகுத்துறையில் ஒரு பீரங்கியை நிறுத்தினார்கள். கென்டக்கி எந்தப் பக்கம் என்று கென்டக்கிக்கே இன்னும் தெரியாதாம். அதுவரை குழல் அந்தப் பக்கம் பார்த்தபடி இருக்குமாம். அம்ப்ரோஸ் தெற்குப் படைக்குப் போய்விட்டார். அக்காவும் குழந்தையும் மாமியார் வீட்டில். அந்தக் குழந்தையை நான் இன்னும் பார்த்ததில்லை.

படை ஆட்களுக்கு ரொட்டி கொண்டுவந்த டெம்பி என் பக்கத்தில் நின்றாள். இருவரும் குழலின் பின்னால் குனிந்து பார்த்தோம். நேர் எதிரே, மரங்களுக்கு மேலே, ப்ரூயிட் வீட்டுப் புகைபோக்கி.

"சார்ஜென்ட் ஐயா, இதைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வைங்களேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "மில்காரர் பொண்ணு வாயே வாய்!" என்றான் ஒருவன்.

டெம்பி சிரிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றாள். "லாயம் அந்த ஓரத்துல இருக்கு. எங்க அண்ணன் இன்னும் அங்கதான் படுக்கறாரு."