நீங்கள் அழுத்தாமல் விட்ட கம்பி

அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நான் பயந்ததையும் விடமாட்டேன். நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக எதையும் கூட்டிச் சொல்லவும் மாட்டேன்.

இன்று காலை கட்டிலுக்கு அடியிலிருந்து உங்கள் அட்டைப்பெட்டிகளை இழுத்தேன். மதர்போர்டு பெட்டியைத் திறந்ததும் புது பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் கலந்த அந்த வாசனை வந்தது. உடனே மூடிவிட்டேன். உங்களுக்குப் பிறகு யாரும் அதைத் திறந்ததில்லை.

இனிமேல் கட்டட வரைபடங்களை வீட்டிலிருந்தே போட்டுக்கொடுங்கள் என்று உங்கள் நாவலூர் அலுவலகத்தில் சொன்ன பிறகு, சனிக்கிழமைதோறும் தாம்பரத்தில் நாம் இருவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். ரெடிமேடாக வாங்குவதா, தனித்தனியாக வாங்கி நாமே பூட்டுவதா என்று உங்களால் முடிவெடுக்க முடியவில்லை. கடைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார்.

"மூணாவது வாரமா வர்றீங்க சார். அந்த கம்ப்யூட்டருக்கே உங்க முகம் பழகியிருக்கும்."

"வாரண்டி ஒரே இடத்துல வருது, அது சரி. அப்புறமா மெமரி கூட்ட இடம் இருக்கா?" என்று கேட்டீர்கள்.

"அதுக்கு வேற மாடல் பாக்கணும் சார்."

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னீர்கள்: "நாமளே பூட்டினா, ஒண்ணு கெட்டா அதை மட்டும் மாத்திக்கலாம் பாப்பா. மொத்தமா போகாது." அந்த வாக்கியத்தை நினைக்காமல் இருக்க எவ்வளவோ முயல்கிறேன்.

பிறகு ஒவ்வொன்றாக வாங்கி வந்தீர்கள். மழை பெய்த ஒரு மாலை, பாயில் துணி விரித்து, ப்ராசஸரை அதன் குழியில் வைத்து, அதை இறுக்கிப் பிடிப்பதற்காகப் பக்கத்திலிருந்த கம்பியைக் கீழே அழுத்தினீர்கள். கறக் என்று ஒரு சத்தம். சட்டென்று கையை எடுத்துவிட்டீர்கள். "இன்னைக்கு வேணாம். ஈரக்காத்தா இருக்கு, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்றீர்கள். காற்று காரணமில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்குப் பயம். எனக்கும் பயமாக இருந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் நீங்கள் இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் தட்டச்சு படித்திருந்ததால், இப்போது அம்மாவுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிப் புத்தகங்களைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுக்கவேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கவேண்டும், திங்கட்கிழமை ஆரம்பிக்கவேண்டும், முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். பூட்டித்தரச் சொல்லிக் கேட்கப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். தங்களிடம் வாங்காத சாமானில் கைவைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று மாமா வந்து அம்மாவிடம் வாதாடினார். "வந்த வெலைக்குத் தள்ளிட்டு ரெடிமேட் ஒண்ணு வாங்கிடலாம்க்கா. பத்தாவது படிக்கிற பொண்ணு கையில குடுத்துட்டு இன்னா பண்ணப்போற? பேஜாராயிடும்."

அம்மா என்னைப் பார்த்தாள். "உன்னால முடியுமாடி?"

முடியும் என்றுதான் சொன்னேன். மதர்போர்டோடு வந்த செய்முறைப் புத்தகத்தை நீங்கள் இருந்தபோதே முழுதாகப் படித்திருந்தேன். ஆனால் நான் அப்படிச் சொன்னது தைரியத்தால் அல்ல. அந்தப் பெட்டிகள் வீட்டைவிட்டுப் போவது, அவற்றைத் திறப்பதைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

ப்ராசஸர் நீங்கள் வைத்த குழியிலேயே இருந்த போர்டை வெளியே எடுத்து, கம்பியில் கட்டைவிரலை வைத்தேன். உள்ளே மயிரிழை போன்ற ஊசிகள் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் போர்டு போய்விடும். அழுத்தினேன். அதே கறக். விட்டுவிடத்தான் கை சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் அழுத்தினேன். கம்பி போய்க் கொக்கியில் மாட்டிக்கொண்டது. வியர்த்த கையைக் கழுவிவந்து மற்றவற்றைப் பொருத்தினேன்.

பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. நீங்கள் ஆசையாக வாங்கியதை நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"சொன்னேன்ல" என்றார் மாமா.

அந்த விளக்கு எரிந்தால் மெமரி சரியாக உட்காரவில்லை என்று புத்தகத்தில் இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெமரிப் பட்டையை வெளியே எடுத்தேன். பொருத்தும் அவசரத்தில் நான் பார்க்காத பக்கத்தில், அதன் தங்கநிறப் பற்களின்மேல் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம்.

"அம்மா, இது என்னம்மா?"

"நீ கை கழுவப் போனப்ப வெச்சேன். புது சாமானுக்கு ஒரு பொட்டு வெக்காம எப்படிடி?"

"பெட்டிக்கு வெக்கலாம்ல?"

"அது தகதகன்னு இருந்துச்சு. அதான் அதோட மொகம்னு நெனச்சேன்."

மாமா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "நல்லவேளை, எலுமிச்சம்பழத்தை உள்ள நசுக்கல." நானும் சிரித்தேன். பொட்டைத் தட்டி உதிர்த்து, ரப்பரால் அந்தப் பற்களை மெல்லத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, பக்கத்துக் குழியில் பொருத்தினேன். மறுபடி பொத்தானை அமுக்கும்போது அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். பிடி வலித்தது.

திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. மற்றவற்றை நிறுவி முடிக்க இருட்டிவிட்டது. பிறகு அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதல் வார்த்தையாக உங்கள் பெயரைத் தட்டினாள். தட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். "கை பழக்கம் போகல" என்றாள்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கம்பியின் அந்தக் கறக் சத்தத்துக்கு நீங்களும் பயந்தீர்கள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். என்னைத் தனியாகப் பயப்படவிடாத ஒன்று அது மட்டும்தான்.

நீங்கள் போனதிலிருந்து நானும் அம்மாவும் ஹால் விளக்கை எரியவிட்டுத்தான் படுக்கிறோம். ஏன் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. சற்றுமுன் அம்மா, "வேலை ஆரம்பிக்கப்போறவ தூங்க வேணாமா?" என்று எழுந்தாள். சமையலறை, படுக்கையறை, கடைசியில் ஹால். இதைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். வீட்டில் எல்லா விளக்குகளும் அணைக்கப்பட்டுவிட்டன.