தாடி எடுக்கச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை, இரவு. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு கடையை மறுபடி திறந்து ஒன்பதாம் நாள்.

இன்று என் முடிவெட்டும் கடையின் கழிப்பறையில் நானே ஐந்து நிமிடம் ஒளிந்திருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. வெளியே வந்தபோதும் முடிவெட்ட வந்த அந்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

காலில் பளபளவென்று கறுப்புச் சப்பாத்து. தாப்பாவிலிருந்து வருகிறாராம். முடிவெட்ட ஈப்போவுக்கு வரவேண்டுமா, தாப்பாவில் ஆள் இல்லையா? போன வாரம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இப்படித்தான் ஒரு அதிகாரி சாதாரண ஆள் போல வந்து, மாஸ்க் போடாத சமையல்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் கடைக்குப் பூட்டு. என் கடைக்கும் இன்னொரு பூட்டு விழுந்தால் மறுபடி திறக்க எனக்கு வக்கில்லை.

பாதி வெட்டியபோது கேட்டார்.

"அண்ணே, அப்படியே தாடியும் எடுத்துருங்க."

"முடி மட்டுந்தான் வெட்டலாம்னு சட்டம். தாடிக்கு மாஸ்க்கைக் கழட்டணும், எனக்கு சம்மன் வரும் லா."

"யாரும் பாக்கலையே."

"நீங்க பாக்குறீங்களே."

அவர் சிரிக்கவில்லை. என் பேச்சுக்குச் சிரிக்காத ஆளை நான் நம்புவதில்லை.

கண்ணாடியில் அவர் கண்களையே கவனித்துக்கொண்டு காதோரம் வெட்டினேன். முடியோடு மாஸ்க் நாடாவையும் நறுக்கிவிட்டேன். மாஸ்க் அவர் மடியில் விழுந்தது. முகத்தில் தாடியே இல்லை. இன்று காலைதான் மழித்த முகம்.

கடையில் வேறு மாஸ்க்கும் இல்லை. நான் போட்டிருந்ததைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டேன்.