தெரு நடுவே போன கோடு

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

முட்டி வலியைத் தவிர நலம். நீ போனை எடுப்பதே இல்லை, அதனால்தான் கடிதம்.

வார்டுகளை மறுபடி பிரிக்கப் போகிறார்களாமே. ஆளும் கட்சி தனக்குத் தோதாக வெட்டிக்கொள்ளும் என்று டீக்கடையில் கைகலப்பே நடந்தது. படம் வரைவது நீதானே என்று என்னைக் குடைகிறார்கள்.

எனக்காக எதையும் வளைக்காதே. நர்ஸாக இருந்தபோது நான் பிரசவம் பார்த்த வீடுகள்தான் ஆளும் கட்சியை எதிர்த்து நின்ற என்னை இரண்டு முறை கவுன்சிலராக்கின: மில் சந்து, ரயில்வே குடியிருப்பு, ஆஸ்பத்திரிப் பின்தெரு. அந்த மூன்றையும் பிரிக்காமல் விட்டால் போதும். மெயின் ரோட்டு அடுக்குமாடிக்காரர்களுக்கு என் முகமே தெரியாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே கட்சி கிட்சி எதுவும் கிடையாது. ஒவ்வொரு வார்டிலும் தலைக்கணக்கு சமமாக வரவேண்டும், அவ்வளவுதான். ஆட்சேபணை மனு என்று கிளம்பிவிடாதே, என் தலைதான் உருளும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

வரைவுப் படம் உங்கள் அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கென்று ஒரு மாதம் கிடந்ததாம். உன்னை நம்பி நான் வரவில்லை. நேற்றோடு ஆட்சேபணைக் கெடு முடிந்தது. இன்று அதே படத்தை முடிவானதென்று நகராட்சி வராந்தாவில் ஒட்டிவிட்டார்கள்.

கோடு நம் தெருவின் நடுவே போகிறது. நான் சொன்ன மூன்று இடமும் மூன்று வார்டில். எனக்கு மிச்சம் அடுக்குமாடிகள். "உங்க தம்பிதானே போட்டாரு? இவ்வளவு கணக்கா வெட்ட வேற யாரால முடியும்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அந்தப் பெயர்களை நான் உனக்கு மட்டும்தான் எழுதினேன்.

அக்கா

ஏப்ரல் 21

அக்கா,

"உங்க அக்காவுக்கு ஓட்டு எங்கேர்ந்து விழுது?" என்று மேலதிகாரி கேட்டார். உன் கடிதத்தைக் காட்டினேன். பதவி உயர்வுப் பட்டியல் அவர் மேசையில் இருந்தது. எனக்கும் இரண்டு பிள்ளைகள். உனக்கும் வயதாகிவிட்டது, முட்டி வலி வேறு. கொஞ்சம் ஓய்வெடு. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

தம்பி

மே 2

தம்பி,

ஓய்வெடு என்று எழுதினாயே, அதுதான் வயிறெரிகிறது.

ஊரே தெருவில் நிற்கிறது. வழக்குப் போட்டிருக்கிறோம். வேண்டுமென்றே வெட்டினார்கள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றார் வக்கீல். இரண்டு நாள் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று கொடுத்துவிட்டேன்.

உன் வேலை போகலாம். போனால் பிள்ளைகளை இங்கே அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வராதே.