நெடுந்துறைக்குப் படகு விடற்க

கூழையாற்றின் இருகரையும் ஒருகுடைக்கீழ் ஆளும் வெண்ணாவல் நகரத்து மாமன்னர் இளஞ்சேந்தர் திருவாணையைத் தலைமேற்கொண்டு, பிணிக்காவல் திணைக்களத்து நாயகம் சாத்தன் பொதுவன், தென்கரை நெடுந்துறைப் படித்துறையில் நின்று, வடகரைத் தண்டநாயகரும் மன்னர் வலப்புறம் அமரும் உரிமை பெற்றவருமான அரையன் விடங்கர்க்கு விடுக்கும் ஓலை. உம் கொடி சாயாதிருக்க. உம் கரையில் அடுப்பு அணையாதிருக்க. உம் வீரர் உடம்பில் புண் என்று ஒன்று இருந்தால், அது வாள் பட்ட புண்ணாகவே இருக்க.

முறைப்படி இன்னும் பல வாழ்த்துகள் உள. அவற்றை விட்டுவிடுகிறேன். தொண்டை கட்டியிருக்கிறது.

இந்த ஓலை என் கை படாதது. தென்கரையிலிருந்து ஒரு துரும்பும் வடகரைக்குப் போகலாகாது என்று நானே விதித்தபடியால், ஆற்று நடுவில் உள்ள ஆமைப்பாறையில் உம் எழுத்தர் அமர்ந்திருக்க, நான் படியில் நின்று உரக்கச் சொல்ல, அவர் எழுதுகிறார். காற்று எதிர்த்து அடிக்கும்போது காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொள்கிறார். ஏதேனும் ஒரு சொல் விட்டுப்போனால் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

நேற்று நீர் சொல்லியனுப்பியது இதே பாறையிலிருந்து எனக்குச் சொல்லப்பட்டது. ஒரேயொரு படகு விடுவீர் என்றும், நெடுந்துறை உப்பு வணிகர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட உம் மகள் செய்யாளை மட்டும் ஏற்றிக்கொண்டு அது திரும்பும் என்றும், அதற்கு நான் இசைவு தர வேண்டும் என்றும் கேட்டிருந்தீர். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசைவு இல்லை. காரணம் கேட்கும் உரிமை தந்தையாகிய உமக்கு உண்டு. அதனால்தான் ஓலை நீள்கிறது.

கருங்கொப்புள நோய் கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலைக் கொத்துக் கட்டுவது நம் நாட்டு வழக்கம். திணைக்களம் என்றும் நாயகம் என்றும் பெரிதாகச் சொல்லிக்கொண்டாலும், எம் காவல் முழுவதும் அந்தக் கொத்தின்மேல்தான் நின்றது. விடியலில் வாசல்காவலர் தெருத்தெருவாக நடப்பர். கதவைத் தட்டார். எவரையும் எதுவும் கேளார். வாசலைப் பார்ப்பர். கொத்துக் கண்டால் துறைக்கு வந்து பறையை முழக்குவர். பறை கேட்டதும் படகுகள் கட்டப்படும், சந்தை கலையும், அந்த வீட்டுக்கு அரிசியும் நீரும் எட்ட வைக்கப்படும். நோய்க்கு மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் நோய் எந்த வாசலில் நிற்கிறது என்று அன்று நாடு அறிந்திருந்தது.

மன்னரின் பெருந்தேவியார் சென்ற ஆண்டு நெடுந்துறைக்கு எழுந்தருளியபோது, கொத்துக் கட்டிய ஒரு வீட்டின்மேல் ஒரு கூட்டம் கல்லெறிவதைக் கண்டார். உள்ளே ஒரு பெண்ணும் பால்குடி மறவாத குழந்தையும் இருந்தனர். பெருந்தேவியார் பல்லக்கை நிறுத்தி இறங்கி, தம் கையாலேயே வேப்பிலை பறித்து அத்தெருவின் எல்லா வாசலிலும் கட்டினார். ஊரே அழுதது. அடுத்து வந்தது ஆணை: எந்த வீடும் தனித்துத் தெரியாதிருக்கும்பொருட்டு, நாடெங்கும் எல்லா வாசலிலும் வேப்பிலை கட்டுக, கட்டாதவர் அரச நிந்தை செய்தவர் ஆவர். அவையில் எவரும் மறுக்கவில்லை. அவ்வளவு நல்ல மனத்தை எதிர்த்து என்ன பேசுவது? அரண்மனை வாசலிலும் கட்டினர், கோயில் வாசலிலும் கட்டினர்.

வாசல்காவலரில் மூத்தவனான காரி மட்டும் சிரித்தான். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொல்கிறேன். எழுத்தர் திருத்தாது எழுதுக. "நாயகரே, இனிமே தெருவுக்கு என்னை அனுப்பாதீங்க, ஆட்டை அனுப்புங்க. அதுக்காவது வயிறு நெறையும்." அவன் நகையாடலை நான் அவைக்கு முறையான சொற்களில் எழுதி அனுப்பினேன். எல்லா வாசலிலும் கொத்து இருந்தால் பறையை நாள்தோறும் முழக்க வேண்டும், இல்லையேல் முழக்கவே கூடாது, எதைச் செய்வது என்று கேட்டேன். சந்தை நிற்கலாகாது, ஆகவே முழக்க வேண்டாம் என்று மறுமொழி வந்தது. பறையைத் துணி சுற்றி வைத்தோம்.

பிறகு நோய் வந்தது. கோடைச் சந்தைக்கு வந்த மாட்டு வண்டிகளோடு வந்தது என்கிறார்கள். எந்த வண்டி, எந்தத் தெரு, எந்த வீடு என்று எவர்க்கும் தெரியாது. பிணங்கள் தெருவுக்கு வரத் தொடங்கிய பிறகே நான் பறையை அவிழ்க்கச் சொன்னேன். அதற்குள் முழக்கவேண்டியவர்களில் பாதிப் பேர் படுத்திருந்தனர்.

நோயற்ற வீட்டார் கொத்தை அவிழ்த்துவிடுக என்று நானே தெருவில் நின்று அறிவித்தேன். எண்ணெய் விற்கும் சிங்கி என்பவள் செக்கை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். "போன வருசம் கட்டலேன்னா ராச நிந்தைன்னீங்க. இப்ப அவுக்கலேன்னா ராச நிந்தைங்கறீங்க. ஆத்தா கோவிச்சுக்கிட்டு வாசல்ல வந்து நின்னா பதில் சொல்லப்போறது நானா, நீங்களா? போங்கய்யா, மொதல்ல அரமனை வாசல்ல அவுத்துட்டு வாங்க." எதிர்வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்: "அதுக்கு ஏணி வேணும்டி, அது உசந்த வாசலாச்சே!" தெருவே சிரித்தது. இவ்வூரில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

நோயற்ற வீட்டார் ஆத்தாளுக்கு அஞ்சி அவிழ்க்கவில்லை. நோயுற்ற வீட்டார் சிலர் கல்லுக்கு அஞ்சி, தம் வீட்டில் ஒன்றுமில்லை என்று காட்ட, நான் சொன்னதைச் சாக்காக வைத்து அவிழ்த்துவிட்டனர். ஆக, கொத்து இருந்தாலும் பொருளில்லை, இல்லாவிட்டாலும் பொருளில்லை. தண்டநாயகரே, பகைவர் ஒரு படை கொண்டு வந்து எம் கண்களைப் பிடுங்கியிருந்தாலும் இவ்வளவு முழுமையாகச் செய்திருக்க மாட்டார்கள்.

காரி இறந்துவிட்டான். அவன் வீட்டு வழியாகத்தான் நான் தினமும் துறைக்கு வருவேன். "எப்படியிருக்கிறாய்" என்று தெருவிலிருந்து கேட்பேன். "நல்லாத்தான் இருக்கேன், ஆட்டை அனுப்பியாச்சா?" என்று உள்ளிருந்து கேட்பான். வாசலில் கொத்து இருந்தது. எப்போதும்தான் இருந்தது.

இன்று காலை உம் மகள் வீட்டுக்குப் போனேன். கதவு ஒரு சாண் திறந்தது. "எம்மேல ஒரு கண்ணு வச்சுக்கச் சொன்னாரா எங்கப்பா உங்களை?" என்று கேட்டாள். அதட்டும்போது உம் குரல்தான். படகு வந்தால் ஏறுவாயா என்று கேட்டேன். "எல்லாரும் நல்லா இருக்கோம்யா. படகு எதுக்கு? நல்லா இருக்கோம்னு அப்பாகிட்ட அப்படியே சொல்லுங்க" என்றாள். கொப்புளம் உண்டா என்று பார்க்க, கையைக் காட்டு அம்மா என்றேன். "கையெல்லாம் மாவு" என்றாள். மாவாகவே இருக்கட்டும், காட்டு என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

மாவு பிசைகிறவள் கையில் மாவு இருப்பது இயல்பு. நல்லா இருக்கிறவள் நல்லா இருக்கிறோம் என்று சொல்வதும் இயல்பு. ஆனால் நான் போகும் ஒவ்வொரு வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள். காரியும் அதையேதான் சொன்னான். கதவைத் தள்ளித் திறந்து பார்க்க என்னிடம் இப்போது ஆள் இல்லை. நானே தள்ளியிருக்கலாம். பார்த்தபின் உமக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் தள்ளவில்லை.

அவள் நோயற்றவளாக இருந்தால், நான் இப்போது ஒரு நல்ல பெண்ணைச் சாகும் ஊரில் அடைத்து வைக்கிறேன். அவள் நோயுற்றவளாக இருந்தால், நீர் விடும் படகு உம் கரையையும் அதன் பின்னால் உள்ள தலைநகரையும் சாகடிக்கும். இரண்டில் எது என்று அறிய நமக்கு ஒரு வழி இருந்தது. அதை நாமே எல்லா வாசலிலும் கட்டி அழித்தோம். அன்று தடுத்திருக்க வேண்டியது கல்லெறிந்தவர்களை.

இதனால் உம் கரை தப்பும் என்று நான் வாக்களிக்கவில்லை. பறை முழங்காத நாள்களில் படகுகள் போய்க்கொண்டுதான் இருந்தன. யார் யார் ஏறினார்கள், எவர் வீட்டில் இறங்கினார்கள் என்று உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நோய் உம் படைவீட்டுக்குள்ளேயே இருக்கலாம். இருந்தும் படகைக் கட்டச் சொல்வது, செய்வதற்கு வேறொன்றும் மிஞ்சவில்லை என்பதால்தான்.

ஆகவே ஆணையாவது: இவ்வோலை கண்டதும் வடகரைப் படகுகள் அனைத்தையும் கரையேற்றி, அடிப்பலகை பெயர்த்து வைக்க. தென்கரைப் படியில் எவர் வந்து நின்று கையசைத்தாலும், அவர் எவர் மகளாயினும், எவர் மகனாயினும், நானே ஆயினும், ஆற்றில் ஒரு துடுப்பும் விழலாகாது. உம் கரையின் வாசல்களில் உள்ள வேப்பிலை முழுவதையும் இன்றே அவிழ்க்க. உம் வாசலில் முதலில், பட்டப்பகலில், ஊர் காண, உம் கையால் அவிழ்க்க. அதன்பின் எந்த வாசலில் எவர் கொத்துக் கட்டினாலும் அவர்மேல் ஒரு சொல்லோ ஒரு கல்லோ விழாதபடி, உருவிய வாளுடன் ஆள் நிறுத்துக. இதைப் பெருந்தேவியார் ஆணையை மீறியதாக எவரேனும் சொன்னால், பழியை என்மேல் எழுதிக்கொள்க. என்னை இழுத்துவர எவரும் இந்தக் கரைக்கு வரப்போவதில்லை.

இதன் அடியில் என் முத்திரை இருக்க வேண்டும். என் மோதிரமும் ஆற்றைக் கடக்கலாகாது. எனவே உம் களிற்று முத்திரையை, உம் கையாலேயே, இவ்வோலையில் இடுக. எழுத்தரிடம் கொடுத்து இடச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று கேட்பீர் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். உம் மகள் வாசலிலும் வேப்பிலை கட்டியிருக்கிறது. காய்ந்த கொத்து அன்று. பச்சையாக, இன்று காலை மாற்றிக் கட்டியது. ஆணைக்காகக் கட்டினாளா, நோய்க்காகக் கட்டினாளா என்று எனக்குத் தெரியாது.

முத்திரை இடுக.