ரிப்பன் மறைத்த தொண்ணூற்றேழு

திங்கள், மே 19

விடிந்ததிலிருந்து தூறல். நேற்றைய மகள் கல்யாணப் பாத்திரம் இன்னும் கழுவி முடியவில்லை. கோயில் அண்டா இரண்டைத் திருப்ப வேண்டும். பந்தல்காரர் வரக் காணோம்.

எஸ்டேட் மேனேஜர் துரையின் காரைக் காலையில் அவர் பங்களாவில் விட்டேன். கல்யாணப் பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போக துரை வீட்டுக் கார் தருவது எஸ்டேட்டில் பழைய வழக்கம். புதுத் துரை வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நானே கேட்கப் பயந்தேன். சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார். இரவல் காரை டேங்க் நிறைத்துத் திருப்புவதும் வழக்கம்தான். ரிங்லெட் டவுனில் நானே நிறைத்தேன், வழிய வழிய.

திரும்பும்போது மேட்டில் டக் டக் என்று ஒரு சத்தம். "வண்டிக்கு சளி புடிச்சிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். உலகமே கவிழ்ந்தாலும் இவர் இப்படித்தான்.

மகள் மாப்பிள்ளையோடு ஈப்போ போய்விட்டாள். பழைய செருப்பு வாசலில் கிடக்கிறது. எடுத்து வைக்க மனசு வரவில்லை.

செவ்வாய், மே 20

மழை. துரை கோலாலம்பூருக்கு மீட்டிங் போய்விட்டார், எஸ்டேட் ஜீப்பில். வியாழன் சாயங்காலம் வருவார். போகுமுன் ஆபீஸில் நின்று, "அவளுக்கு இன்னும் பத்து நாள் இருக்குக்கா. ஏதாச்சும்னா கார் இருக்கு, நீங்க இருக்கீங்க" என்றார். அவர் மனைவிக்கு நிறைமாதம். பெரிய மனுஷிபோலத் தலையாட்டி வைத்தேன்.

மத்தியானம் பங்களாவுக்குப் போய்க் கார் அலங்காரத்தைப் பிரித்தேன். பூவெல்லாம் வாடி நாற்றம். ரிப்பன் காற்றில் பறக்காமலிருக்க ஒரு முனையைப் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கமாக டேப் போட்டு ஒட்டியிருந்தேன். உரித்தேன். அடியில் ஸ்டிக்கர்.

97 ரகப் பெட்ரோல் மட்டும்.

நான் போட்டது 95, மலிவு ரகம். மஞ்சள் கைப்பிடி பம்ப். பழைய துரை கார், ஆபீஸ் வேன், எல்லாவற்றுக்கும் அதுதானே போட்டோம், யோசிக்கவே இல்லை. அந்த டக் டக். ஐயோ.

துரையின் மனைவி, மேடம், ஜன்னலிலிருந்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கக்கா" என்றார். வேலை இருக்கிறது என்று ஓடி வந்துவிட்டேன்.

புதன், மே 21

தூக்கமில்லை. சம்பளப் பட்டியலில் ஒரே பெயரை இரண்டு தடவை அடித்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் ரிங்லெட், மெக்கானிக் பாலா கடை. தெரிந்தவர் கார் என்று பொய் சொன்னேன்.

"97ன்னா பவர் ஜாஸ்தின்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அது இல்ல லா அக்கா. அமுக்குனா தாங்கும், அவ்ளோதான்."

சைக்கிள் பம்ப் ஒன்றை எடுத்தான். முனையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு நாலு தடவை அமுக்கினான். தொட்டுப் பார்க்கச் சொன்னான். சூடு.

"இஞ்சினுக்குள்ளயும் இதான். பெட்ரோலையும் காத்தையும் சேத்து அமுக்குது. 97 கேக்குற காருன்னா டர்போவா இருக்கும், காத்த இன்னும் திணிக்கும். சூடு ஏறும். பிளக் கொளுத்துற நெருப்பு பரவி வர்றதுக்குள்ள, ஓரத்துல கெடக்கிற 95 தாங்காம தானா வெடிச்சிரும். அதான் டக் டக். 97 நெருப்பு வர்ற வரைக்கும் பொறுத்துக்கும்."

"இஞ்சின் போயிருமா?"

"ஒடனே போவாது. சத்தத்தக் கேக்குறதுக்கு ஒரு சென்சர் இருக்கு. பிளக் நெருப்ப அதுவே லேட் பண்ணிக்கும், பவர் கொறையும். ஆனா மேட்டுல ஆள ஏத்திக்கிட்டு அழுத்தி மிதிச்சா அதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல? பிஸ்டன் ஒடஞ்சாலும் ஒடையும். கியரக் கொறச்சு மெதுவா ஏத்துங்க. வெள்ளிக்கெழம கொண்டாங்க, டேங்க்ல உள்ள 95அ எறக்கிட்டு 97 போட்டுக் குடுக்கறேன். அதுக்கு முன்ன ஆளில்ல. யாரு காருக்கா?"

காதில் விழாத மாதிரி வந்துவிட்டேன்.

என் பயங்கள்: துரை முகம். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். அடுத்த மாதம் பக்கத்து வீட்டு லட்சுமி மகள் கல்யாணம், இனி யாருக்குக் கார் தருவார்? எல்லாவற்றுக்கும் மேலே மேடம். ஆஸ்பத்திரி இருப்பது தானா ராத்தா டவுனில். போகிற வழி முழுக்க மேடு.

என் வீட்டுக்காரர்: "போன் போட்டு சொல்லிரு. ஒரு நிமிசம்."

"நீங்க சொல்லுங்களேன்."

"நானா நெறச்சேன்? நீ 95டி. லேசா அமுக்குனாலே வெடிக்கிற."

சிரித்துத் தொலைத்தேன். அப்புறம் அழுகை. துரை நம்பரை மூன்று தடவை அழுத்தி மூன்று தடவையும் கட் பண்ணினேன். நாளைக்கு வந்துவிடுவாரே, நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

வியாழன், மே 22

ஆஸ்பத்திரி. பிரசவ அறை வாசல். எழுத்து கோணல்.

பத்து மணிக்கு மேடம் போன். "அக்கா, தண்ணி ஒடஞ்சிருச்சு." ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருக்கிறதாம், முக்கால் மணி நேரம் ஆகுமாம். எஸ்டேட் வேன் கீழே தாப்பா டவுனில். மிச்சம் அந்தக் கார்தான்.

பனிமூட்டம். மேடம் பின் சீட்டில், வேலைக்காரப் பெண் பக்கத்தில். இஞ்சினுக்குப் பாரம் வேண்டாமென்று ஏர்கோன் போடவில்லை. கியர் இரண்டு. ரிங்லெட் தாண்டினதும் பின்னால் காய்கறி லோரி, ஹார்ன் மேல் ஹார்ன். மேடம் கத்த ஆரம்பித்தார். என் கால் தன்னால் அழுத்தியது. டக் டக் டக்.

"என்னக்கா சத்தம்?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கொட்டிவிட்டேன். "என்னைய மன்னிச்சிருங்க மேடம், நான் 95 போட்டுட்டேன். ரிப்பன் மறைச்சிருச்சு. செவ்வாக்கெழமையே தெரியும், சொல்லல. அழுத்துனா இஞ்சின் தாங்காது, நடு ரோட்டுல நின்னுருமோன்னு பயமா இருக்கு."

பின்னால் வலி வந்து போகிற வரைக்கும் மூச்சு மட்டும். பிறகு என் தோளை ஒரு கை பிடித்தது.

"அழுத்தாதீங்கக்கா. மெதுவா போங்க. நான் தாங்கிக்கிறேன்."

காலை எடுத்தேன். சத்தம் நின்றது. ஓரம் கட்டி லோரியைப் போகவிட்டேன். மேடு முழுக்க ஊர்ந்துதான் வந்தோம். என் மகளைப் பெற்றபோதுகூட எனக்கு இவ்வளவு வேர்க்கவில்லை.

உள்ளே கொண்டு போய் நாற்பது நிமிஷம் ஆகிறது. முருகா.

வெள்ளி, மே 23

வெயில்! பெண் குழந்தை. தலை நிறைய முடி. மேடம் நலம்.

துரை நேற்றுச் சாயங்காலமே வந்துவிட்டார். நான் போய்ச் சொல்லத் தைரியம் வந்தது இன்று காலைதான், கார் நிறுத்துமிடத்தில். ஒரே மூச்சில் சொன்னேன். பெட்ரோல் மூடியைத் திறந்தார். ஸ்டிக்கர் மேல் டேப் பிசின் இன்னும் இருந்தது. நகத்தால் சுரண்டினார்.

"செவ்வாக்கெழமையே சொல்லியிருக்கலாம்லக்கா. நான் ஜீப்பத் திருப்பி அனுப்பியிருப்பேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

சாவியை நீட்டினார். "நீங்களே கொண்டு போயி சரி பண்ணிட்டு வாங்க. மத்தியானம் புள்ளைய வீட்டுக்குக் கொண்டு போகணும்."

நாலு எட்டு நடந்தவர் திரும்பினார். "லட்சுமியக்கா வீட்டுக் கல்யாணத்துக்கும் கேட்டுருக்காங்க. நீங்களே ஓட்டுங்க. ரிப்பன் மட்டும் கட்டாதீங்க."

இறக்கம் முழுக்க அழுதுகொண்டே ஓட்டினேன். இப்போது பாலா கடை வாசல். கடை திறக்கக் காத்திருந்த நேரத்தில் இதை எழுதினேன். இதோ ஷட்டரைத் தூக்குகிறான். காரைச் சுற்றி வந்து பார்க்கிறான்.

"அடேங்கப்பா. யாரு காருக்கா இது?"

"எங்க தொர காரு. 95 போட்டது நான்தான்."