மீன் வராத குசினி

ரொறன்ரோ
09.05.1998

அன்பின் புனிதத்துக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம். நீயும் பிள்ளை ரூபியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகிறேன். உன் மாசிமாதக் கடிதம் எங்கெல்லாமோ சுற்றிப் போன கிழமைதான் வந்தது.

இப்போது ஒரு மெக்சிக்கோச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் நிற்கிறேன். பெரிய சமையற்காரி அந்த நாட்டுக்காரி. எங்களைப் போல வேதக்காரி, அடுப்புக்கு மேலே மாதா படம் மாட்டியிருக்கிறா. வெயில்காலம் தொடங்குகிறபடியால் இறைச்சி, மீன், முட்டை, பால் ஒன்றும் தொடாத சனத்துக்கென்று தனிச் சமையல் நடக்கிறது. தேன்கூட வேண்டாமாம், தேனீ பாவமாம். முல்லைத்தீவுக் கடலில் இருபது வருடம் வலை இழுத்தவன் இங்கே கௌப்பிப் பயறு மசிக்கிறேன். நீ பார்த்தால் வயிறு நோகச் சிரிப்பாய். மீன் இல்லாவிட்டால் ஒரு பிடி சோறு இறங்காதவள் அல்லவா நீ.

இனி முக்கியமான விஷயம். பள்ளிக்கூடத்தில் ரூபியின் வகுப்புப் பிள்ளைகள் இயக்கத்துக்கென்று போய் ஒவ்வொன்றாய்க் குறைகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. உங்கள் இரண்டு பேரையும் இங்கே கூப்பிடப் பேப்பர் போடுகிறேன், ஆனால் வர இரண்டு வருடம் செல்லும். அதுவரை பிள்ளை அங்கே நிற்கக் கூடாது. விடத்தல்தீவுக் கரையால் ஆட்கள் இந்தியாவுக்குப் போகிறார்கள் தானே. ஆனியில் அனுப்பு. ஆனியில் கடல் பேசாமல் கிடக்கும், பயப்பட ஒன்றுமில்லை. மண்டபம் முகாமில் என் அக்கா விமலா இருக்கிறா, பிள்ளையைப் பார்த்துக்கொள்வா. ரூபி யோசித்தால், அப்பா கடலைப் பற்றிச் சொன்னால் பிழைக்காது என்று சொல்லு.

என்றும் அன்புடன்,
லோறன்ஸ்


முள்ளியவளை
19.07.1998

அன்புள்ள ரூபியின் அப்பாவுக்கு,

நான் இருக்கிறேன். உங்கள் கடிதம் ஆனி தொடங்கக் கிடைத்தது. பதில் எழுதப் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம்.

ரூபியின் பயணம் இப்போதைக்குச் சரிவரவில்லை. பூவரசங்குளத்தில் தங்கச்சி வீட்டில் நிற்கிறாள். அங்கிருந்து கடிதம் போடுவது கஷ்டம். அவள் எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம்.

இங்கே சரியான வெயில். கச்சான் காற்றுக்குக் கொட்டில் முழுக்கப் புழுதி. மாப்பால் இந்தப் பக்கம் வருவதில்லை, தேத்தண்ணி வெறுமையாகத்தான். நீங்கள் எழுதிய அந்த மச்சமில்லாத சமையலை விவரமாக எழுதிவிடுங்கள். மரக்கறி மூன்றைத்தான் மாறி மாறி வைக்கிறேன், கை வேறொன்றும் யோசிக்குதில்லை. பின்காணிக்காரர் சோளன் தருகிறார்கள். அதில் செய்யக்கூடியதாக இருந்தால் நல்லது.

உடம்பைக் கவனியுங்கள்.

உங்கள்
புனிதம்


ரொறன்ரோ
29.08.1998

அன்பின் புனிதத்துக்கு,

நீ என்னிடம் சமையல் கேட்டு எழுதிய கடிதத்தைக் குசினி முழுக்கக் காட்டிவிட்டேன். கலியாணம் கட்டிப் பதினெட்டு வருடத்தில் ஒரு நாளாவது என்னிடம் ஒரு கறிக்கு உப்புப் பார்க்கச் சொல்லியிருப்பாயா?

கவனமாகக் கேள். இரண்டு சுண்டு காய்ந்த சோளனுக்கு ஒரு தேக்கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பு. தண்ணீர் விட்டு அரைமணி நேரம் அவித்து, மூடி, மறுநாள் காலைவரை ஊறவிடு. பிறகு கையால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழலும். நாலு தண்ணீரில் கழுவு, சுண்ணாம்பு மணம் போகவேண்டும். அம்மியில் பசையாக அரைத்து, மெல்லிசாய்த் தட்டி, எண்ணெய் பூசாத தாச்சியில் சுடு. சுண்ணாம்பு போடாவிட்டால் தட்டும்போது உதிர்ந்துபோகும். நானும் முதல்நாள் நம்பவில்லை.

உள்ளுக்கு வைக்க, கௌப்பியை அவித்து, தேங்காயெண்ணெயில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதக்கிப் போட்டு மசி. தக்காளியையும் பச்சைமிளகாயையும் நேரே நெருப்பில் தோல் கருகச் சுட்டு, உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து இடி. அவ்வளவுதான். இவர்கள் நாகதாளி மடலைக்கூட முள் சீவிச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். எங்கள் கடற்கரை நாகதாளிக்கு இங்கே இருக்கிற மரியாதையைப் பார்.

பேப்பருக்கு உன் படமும் ரூபியின் படமும் வேண்டும். நாலு நாலு அனுப்பு. அந்தக் கள்ளி ஒரு வரியாவது எழுதலாம் தானே. பதினேழு வயது வந்ததும் அப்பா வேண்டாமாக்கும்.

அன்புடன்,
லோறன்ஸ்


முள்ளியவளை
10.10.1998

அன்புள்ள ரூபியின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியபடி செய்தேன். முதல்முறை சுண்ணாம்பு கூடிவிட்டது, நாக்குப் பொத்துப்போனது. ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டேன். இரண்டாம் முறை சரியாக வந்தது. இப்போது கிழமையில் நாலு நாள் இதுதான். தேய்த்துக் கழுவுகிற வேலை நல்லது, மத்தியானம் வரை நேரம் போய்விடும். பக்கத்துக் கொட்டில் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன். நல்ல ருசி என்கிறார்கள். எனக்கு ருசி தெரிவதில்லை.

மீன் விற்கிற மீனம்மா சைக்கிளில் பாரை மீன் கொண்டுவந்து ஒவ்வொரு நாளும் படலையில் மணி அடிப்பா. ஆனியிலிருந்து இந்தக் குசினிக்குள் மச்சம் வரவில்லை என்று தெரிந்த பிறகு அவவும் அடிப்பதில்லை. முட்டையும் வாங்குவதில்லை. வெயில் முடிகிறது, ஐப்பசி மழை வந்தால் விறகு ஈரமாகிவிடும் என்பதுதான் யோசனை.

படம் எடுக்க இன்னும் வசதி வரவில்லை.

உங்கள்
புனிதம்


ரொறன்ரோ
22.11.1998

புனிதம்,

உன் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் வாசித்தேன். இறங்குகிற இடத்தில் இறங்கவில்லை. கடைசித் தரிப்பில் சாரதி வந்து தட்டினான்.

எங்கள் கரையில் மீன் வாங்காத வீடு எது என்று எனக்குத் தெரியாதா? கடல் ஒரு உயிரை எடுத்து உடலைத் திருப்பித் தராவிட்டால், அந்த வீட்டில் மீன்சட்டி அடுப்பில் ஏறாது. அதைத் தின்ற மீனாக இருக்குமோ என்ற பயம். என் தகப்பன் போனபோது என் தாய் ஏழு வருடம் ஏற்றவில்லை. நீயோ ஆனியிலிருந்து என்று எழுதுகிறாய். நான் உனக்குச் சமையல் சொல்லித் தந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

மண்டபத்தில் அக்காவுடன் ரெலிபோனில் கதைத்தேன். பிள்ளை இன்னும் வெளிக்கிடவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்ததாகச் சொன்னா.

ஆனியில் கடல் பேசாமல் கிடப்பது முல்லைத்தீவில். கச்சான் அங்கே தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். விடத்தல்தீவு இருக்கிற மேற்குக் கரையில் அதே காற்றுக் கடலைக் கிளப்பிக்கொண்டு வரும். அதனால்தானே அந்த மாதங்களில் மேற்குக்கரைக்காரர் எங்கள் பக்கம் வந்து கரையில் வாடி கட்டி மீன் பிடித்தார்கள். அவர்களோடு சேர்ந்து வலை இழுத்தவன் நான். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. பிள்ளையை வெளியே எடுக்கவேண்டும் என்று மட்டும்தான் அன்றைக்கு என் தலைக்குள் இருந்தது.

இன்னும் அழுகை வரவில்லை. வேலைக்குப் போய் வருகிறேன். என்ன நடந்தது என்று முழுவதும் எழுது, ஒன்றையும் மறைக்காதே. எழுதிவிட்டு எப்படியாவது இங்கே வந்துவிடு. இனி நீயும் நானும்தான்.

லோறன்ஸ்


முள்ளியவளை
03.01.1999

அன்புள்ள இவருக்கு,

முழுவதும் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

ஆனி இருபத்தொன்றாம் திகதி பின்னேரம் படகில் ஏறினவர்கள் பதினாலு பேர். திரும்பி வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் எங்கள் கள்ளப்பாடு ஊர் அப்புத்துரை. அவர்தான் வந்து படலைக்குள் நின்று சொன்னார். கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் படகு புரண்டதாம். நான் அழவில்லை. அவருக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன், குடித்துவிட்டுத்தான் போனார். அதிலிருந்து இப்படியே இருக்கிறேன். சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், கோயிலுக்குப் போகிறேன்.

உங்களுக்கு எழுதாமல் விட்டது, அங்கே தனியாக இருந்து இதை எப்படித் தாங்குவீர்கள் என்றுதான். அப்படி நினைத்துக்கொண்டேன். உண்மையில் எழுதினால் முடிந்துவிடும் என்று பயந்தேன்.

அப்புத்துரை சொன்ன ஒன்றை மட்டும் சொல்லாமல் விட நினைத்திருந்தேன். ஒன்றையும் மறைக்காதே என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்: "அக்கா, கடல் சரியில்லை, நாளைக்குப் பாப்பம் எண்டு ஓட்டி சொன்னவன். நாங்களும் இறங்கப் பாத்தனாங்கள். பிள்ளைதான், ஆனியில ஒண்டும் செய்யாது, அப்பா சொன்னவர் எண்டு சொல்லிக்கொண்டு முதல் ஆளா ஏறினவள். அதைப் பாத்துத்தான் நாங்களும் ஏறினனாங்கள்."

அவளுக்கு அந்த வரியை வாசித்துக் காட்டினது நான். அதனால் பிழை உங்களுடையது மட்டும் இல்லை. உங்களில் கோபம் வருகிறதா என்று பலமுறை பார்த்தேன். வரவில்லை. கோபம் வந்திருந்தால் உங்களோடு சண்டைபிடித்து, பிறகு வந்துமிருப்பேன்.

ஆனால் வந்தால் உங்களோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிட வேண்டும். நீங்கள் போட்டுத் தருவீர்கள், நான் வாங்க வேண்டும். மிச்சக் காலம் முழுக்க இரண்டு சாப்பாட்டுக் கோப்பைதான் வைத்துக் கழுவ வேண்டும். அது என்னால் ஏலாது. இங்கே பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள், கோப்பை போதாமல்தான் இருக்கிறது.

பேப்பரில் ரூபியின் பெயரை எப்படியும் வெட்டத்தானே வேண்டும். வெட்டும்போது என் பெயரையும் வெட்டிவிடுங்கள்.

புனிதம்