தொட்டிலுக்குள் அடங்காத பாலன்

பினாங்கு
26 டிசம்பர் 1931

அன்புள்ள சவுரியம்மாளுக்கு,

ஆண்டவர் தயவில் சுகமாயிருக்கிறேன். நீயும் பையனும் சுகமா? அய்யாவின் இருமல் நின்றதா?

திருநாளுக்காகத் துறைமுகக் கூலிகள் நாங்கள் எங்கள் கொட்டகையில் களிமண்ணால் குடில் செய்தோம். சூசையப்பர் தோளில், எங்களைப் போலவே, கோணித்துணி போட்டேன். எங்களுக்குக் கணக்கெழுதி வேலை ஏவும் கிராணிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா, சூசையப்பரையும் கூலியாக்கிட்டியா?"

"தச்சு வேலைக்குக் கூலி வாங்காமலா சாப்பிட்டாரு, கிராணியாரே?"

கொட்டகையே சிரித்தது. கப்பல் சரக்கெல்லாம் இறங்குவது எங்கள் தோளில்; கூலி என்ற பெயர் மட்டும் அவனுக்கு வசை. நான் சொன்ன பதிலுக்காக நேற்றுத் திருநாளன்றும் என்னை மூட்டை தூக்க வைத்தான். கவலைப்படாதே, தோள் லேசாகத்தான் வீங்கியிருக்கிறது.

பாலனையும் நானே செய்தேன். கிடத்தும் நேரத்தில் பார்த்தால் தொட்டிலில் அடங்கவில்லை. "அண்ணே, இது நடக்கிற பிள்ளை லா!" என்று கூட மூட்டை தூக்கும் இன்னாசி இந்த ஊர்ப் பேச்சில் சொல்லிச் சிரித்தான். நான் கப்பலேறிய பின் பிறந்த நம் பையனை நினைத்தே மண்ணைப் பிசைந்திருக்கிறேன். குடிலில் மண் மாட்டை நகர்த்தி, வைக்கோலில் கிடத்தினோம்.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. பையனைச் சுவரோரம் நிறுத்தி, உச்சி முதல் பாதம் வரை நூலால் அளந்து, அந்த நூலை உறையில் வைத்து அனுப்பு. நூலை மடித்து வை, உறையில் அடங்கவில்லை என்று வெட்டிவிடாதே.

வேலைச் சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

உன்
அந்தோணிமுத்து